தாலிக்கு முன்னால் பாயசம்

என் மக்கா,

இதையெல்லாம் வாட்ஸாப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். நேற்று உன் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஆவணியில் நல்ல நாள் ஒன்று கிடைத்திருக்கிறது. உன் அப்பா சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டம் கோணலாகிவிட்டது என்று அதன்மேல் இன்னொன்று போட்டார். இப்போது அது என்ன தேதி என்றே வாசிக்க முடியவில்லை. பெண் வீட்டார் போன பிறகும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருந்தார், அவ்வளவு சந்தோஷம். கல்யாணம் முடிந்தால் உனக்குப் புத்தி சொல்லும் உரிமை உன் பெண்டாட்டிக்குப் போய்விடும். அதற்குள் என் பங்கைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

புத்தி என்றதும் முகத்தைச் சுளிக்காதே. உன் தங்கை சிந்துவின் கல்யாணத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். போன ஐப்பசியில் நடந்த அந்தக் கல்யாணத்தை அம்பூரியிலிருந்து பாறசாலை வரைக்கும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பனச்சமூடு சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போனால், விற்கிறவள் என் மகள் கல்யாணக் கதையை என்னிடமே சொல்கிறாள். அவள் கதையில் நீ விமானத்தை நடு வானத்திலிருந்து திருப்பிக்கொண்டு போய்விட்டாய்! நீ கேப்டன் ஆகி அதிக நாள் ஆகாத சமயம் அது. உன் பெயர் இப்படிச் சந்தையில் கிடந்து உருள்வதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் ஒருநாள் இதை வாசிக்கட்டும்.

முதலில் நம் வீட்டு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கு வீடும் ரப்பரும் அம்பூரியில், மலைமேல். பால் வெட்ட வருகிற உன் சசி மாமனுக்கு வீடு கீழே பனச்சமூட்டில். மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டினாலும் பால் சிரட்டைக்கு வராமல் பட்டை வழியே ஒழுகிப் போகும். அதனால் அவன் விடியற்காலையில் கிளம்பும் முன்னால் போன் செய்து, "அக்கா, அங்க மழை உண்டா?" என்று கேட்பான். நான் வாசலில் நின்று, ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "மழையா? ஒரு சொட்டு இல்ல, நீ வா" என்பேன். இதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ரப்பர் வைத்திருக்கிற எந்த வீட்டில் கேட்டாலும் இதைப் பொய்யில் சேர்க்க மாட்டார்கள். ஆள் வந்து சேர்வதற்குள் மழை விடும், விட்டால் மரம் காயும், காய்ந்தால் வெட்டலாம். அவன் வீட்டிலேயே போர்த்திப் படுத்துவிட்டால் அன்றைய பால் போச்சு. சசி சொட்டச் சொட்ட வந்து நின்று, தலையில் கட்டிய துண்டைப் பிழிந்தபடி, "அக்கா, இது மழை இல்லியா? பின்ன பன்னீராக்கும்?" என்று கேட்பான். நீ பள்ளிக்கூடப் பையோடு நின்று விழுந்து விழுந்து சிரிப்பாய். நான் அவனுக்குப் பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுக் கொடுப்பேன், இருவரும் வாசலில் நின்று மழை விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

சிந்துவுக்குப் பார்த்த மாப்பிள்ளை அனில், பக்கத்துத் திருப்புறம் ஊர்க் குடும்பம்தான். அவன் அப்பா காலத்திலேயே மும்பையில் குடியேறிவிட்டார்கள். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னதாகவே எல்லாரும் ரயிலில் வருவதாக இருந்தது. அப்போதுதான் நீ போன் செய்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் மும்பையிலிருந்து திருவனந்தபுரம் வரும் விமானத்தை நீயே ஓட்டி வருவதாகவும், இறங்கியதும் லீவு தொடங்குவதாகவும் சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையை மண்டப வாசலில் கால் கழுவிக் கூட்டி வருவது பெண்ணுடன் பிறந்தவனின் உரிமை. எல்லா வீட்டிலும் வாசலிலிருந்து கூட்டி வருவான். என் மகன் மும்பையிலிருந்தே கூட்டி வருகிறான்! நச்சரித்து நச்சரித்து மாப்பிள்ளை வீட்டாரின் ரயில் டிக்கெட்டை ரத்து செய்ய வைத்து, உன் விமானத்தில் ஏற வைத்தது நான்தான். "எதுக்குடீ, ரயில்ல வந்தா என்ன கொறஞ்சு போகும்?" என்று உன் அப்பா கேட்டார். அவர் வாயை அடைத்துவிட்டு, பந்தல்காரரிலிருந்து நாதஸ்வரக்காரர் வரை எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் இங்கே வானம் இருட்டி, ஐப்பசிக்கே உரிய இடியோடு கொட்ட ஆரம்பித்தது. பந்தல் துணியில் தண்ணீர் தேங்கி, பையன்கள் மூங்கிலால் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நீ அழைத்தாய். கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு நிதானமாகச் சொன்னாய். ஈரத் தரையில் சக்கரம் வழுக்காமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிற ஓர் அமைப்பு இருக்கிறதாம், அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம். இன்ஜினியர் வந்து அந்த அமைப்பை நிறுத்தி மறுபடி போட்டபோது அணைந்ததாம். நகர்ந்து ஓடுதளத்தை நோக்கிப் போகும்போது மறுபடி எரிந்து, திரும்பி வந்து நிற்கிறாயாம். எந்தக் கோளாறோடு பறக்கலாம், எதோடு கூடாது என்று உங்களுக்கு ஒரு புத்தகம் உண்டாம். இறங்கும் இடத்தில் தரை காய்ந்திருந்தால் கிளம்பலாம், நனைந்திருந்தால் கூடாது என்று அதில் இருக்கிறதாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "அம்மா, அங்க மழை உண்டா?" என்று கேட்டாய்.

என் வாய் தானாகவே திறந்தது. "மழையா? ஒரு சொட்டு இல்ல மக்கா, நீ வா." அந்த வார்த்தை முடிவதற்குள் வீட்டுக் கூரையே பிளந்தது போல ஓர் இடி. பின்னாலிருந்து ஒருவன், "எலே, துணியப் பிடிலே, பந்தல் விழுது!" என்று அலறினான். பிறகு நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, சசி மாமன்ட்ட சொல்லுத மாதிரி என்கிட்டயும் சொல்லுதியா?" என்றாய். வானிலை விவரமெல்லாம் உன் கையிலேயே இருந்ததாம். என் வாயைக் கிண்டத்தான் கேட்டாயாம். போக்கிரி. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீ வராவிட்டால் மாப்பிள்ளை வர முடியாது, மாப்பிள்ளை வராவிட்டால் காலை முகூர்த்தம் போய்விடும், முகூர்த்தம் போனால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்களோ, என் பெண் மணவறையில் தனியாக உட்கார வேண்டி வருமோ என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரயிலில் வந்திருக்க வேண்டியவர்களை மாற்றியது நான் அல்லவா!

அங்கே நடந்ததைப் பிறகு அனில் ஒவ்வொருவர் குரலிலும் பேசிக்காட்டி எங்களைச் சிரிக்க வைத்தான். உங்கள் கம்பெனியின் மேனேஜர் உன்னிடம் வந்து, "நீங்கள் போய்ச் சேருவதற்குள் மழை விட்டுவிடும் கேப்டன், நாளைக்கு உங்கள் வீட்டுக் கல்யாணம் வேறு" என்று ஆரம்பித்திருக்கிறார். ஆள் வந்து சேர்வதற்குள் மழை விடும் என்று சசியிடம் நான் சொல்கிறதையேதான் அவர் டை கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். "விடலாம், விடாமலும் போகலாம்" என்று நீ சொன்னாயாம். மாற்றுவதற்கான பாகம் அன்று கிடைக்காது என்று தெரிந்ததும், ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு உள்ளேயே இருந்துவிடாமல், வெளியே வந்து பயணிகள் நடுவில் நின்று சொல்லியிருக்கிறாய். இந்தியில் சொல்லி, ஆங்கிலத்தில் சொல்லி, மலையாளத்தில் சொல்லி, கடைசியில் தமிழிலும். அனிலின் பெரியப்பா எழுந்து, "நம்ம பையன் ஓட்டுற பிளேன்னு நம்பி ஏறினா, கல்யாணத்தக் கெடுக்கியா எலே?" என்று கத்தியிருக்கிறார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ கை கட்டி நின்றாயாம்.

அப்போது அனில் தன் இருக்கையிலிருந்து எழுந்து, மேலே வைத்திருந்த பையை எடுத்தான். "பெரியப்பா, இந்த பிளேன்ல இருக்கிறவங்கள்ல ரொம்ப அவசரம் அளியனுக்காக்கும். அவரே வேண்டாம்னா, எனக்கும் வேண்டாம்" என்று மச்சானான உன்னைக் காட்டிச் சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கினான். அந்த நிமிஷமே அவன் எனக்கு மருமகன் ஆகிவிட்டான். தாலியெல்லாம் அப்புறம்.

ஆனால் இதெல்லாம் எனக்கு அன்று தெரியாதே. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மழை விட்டுவிட்டது. நீ வந்து இறங்கியிருக்க வேண்டிய நேரத்துக்கு வெகு முன்னாலேயே விட்டுவிட்டது. விமான நிலையத்துப் பக்கமிருந்து வந்த உன் சித்தப்பா, "அங்க ரோடு ஒக்க காஞ்சு கெடக்கு" என்று வேறு சொன்னார். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. உன்னை அழைத்து, "மழை நின்னாச்சு மக்கா, இது சத்தியமாக்கும். கொஞ்சம் பொறுத்து எடுத்திருக்கலாம்லா?" என்று கேட்டேன். உன் வேலை நேரம் முடிந்துவிட்டது, இன்று இனி நீ ஓட்டக் கூடாது, மறுநாள் காலை வேறொரு விமானத்தில் எல்லாரையும் அனுப்புகிறார்கள், நீயும் அவர்களோடு பயணியாக வருகிறாய் என்றாய். பிறகு ஒன்று சொன்னாய். "மழை நிக்கும்னு என்கிட்டச் சொன்னது ரெண்டு பேரும்மா. ஒண்ணு மேனேஜர், இன்னொண்ணு நீ. ரெண்டு பேருமே நான் கிளம்பணும்னு ஆசப்பட்டவங்களாக்கும்." எனக்குச் சுருக்கென்றது. போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்கிற பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டேன். கண்ணீர் வந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை பாறசாலை மண்டபத்தில் ஊரே கூடிவிட்டது. முகூர்த்தம் வந்தது, போனது. நீங்கள் அப்போதுதான் மும்பையில் விமானம் ஏறிக்கொண்டிருந்தீர்கள். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பிற்பகலில் ஒரு நேரம் இருக்கிறது, சுமார்தான், ஆனாலும் குறையில்லை என்றார். நேரம் கிடைத்துவிட்டது, ஆனால் சாப்பாட்டுக்கு யார் பஞ்சாங்கம் பார்ப்பது? சமையல்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சோறு வடித்தாயிற்று, அடப்பிரதமன் பாயசம் இறக்கியாயிற்று, இதற்குமேல் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். நம் பக்கத்தில் தாலி ஏறாமல் எந்தக் கல்யாணத்தில் இலை போட்டிருக்கிறார்கள்? பசியில் குழந்தைகள் அழுகின்றன, பெரியவர்கள் வாட்சைப் பார்க்கிறார்கள், ஆனால் ஒருவரும் பந்தியில் போய் உட்காரத் துணியவில்லை. இலை போடச் சொல்லலாமா என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

அப்போது சிந்து வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, எல்லாவற்றோடும் நேராகச் சாப்பாட்டு அறைக்குள் நடந்து போய், முதல் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குப் பசிக்குது அப்பா. எலை போடச் சொல்லுங்க" என்றாள். உன் அத்தை ஓடிப்போய், "பெண்ணே, தாலி ஏறாம எப்படிடீ உண்ணுது?" என்று கையைப் பிடித்தாள். சிந்து அவளை அண்ணாந்து பார்த்து, "அத்தே, மாப்பிள்ள எப்படியும் வருவாரு. பிரதமன் ஆறிப்போனா திரும்ப வராது" என்றாள். அந்த அறையில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, நாதஸ்வரமே நின்றுவிட்டது. அத்தையே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அப்பாவும் நின்று விளம்பினோம். என் பெண் சேலை நனையாமல் மடியில் துண்டு விரித்துக்கொண்டு பாயசம் குடித்ததைப் பார்த்தபோது, அவ்வளவு நேரம் என் நெஞ்சில் கிடந்த கல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

நீங்கள் வந்து சேர்ந்தபோது மண்டபமே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. நீ உடுத்த வேண்டிய வேட்டியை நான் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அதனால் நீ யூனிபாரத்தோடு, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, வெறுங்காலோடு வாசல் படியில் குந்தி, மூக்கு வைத்த கிண்டியால் தண்ணீர் ஊற்றி அனிலின் காலைக் கழுவினாய். தோளில் கேப்டனுக்குரிய பட்டைகள், கையில் கிண்டி. என் வயிறு குளிர்ந்தது மக்கா. இதற்குமேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்! அனில் குனிந்து, "அளியா, தரை நனைஞ்சிருக்கே, நான் உள்ள போகலாமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், பெரியப்பாவைத் தவிர. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, புதுத் தோல்செருப்போடு விறுவிறுவென்று படியேறினார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நீ கால் கழுவிய அதே ஈரப் படியில் அவர் சறுக்கினார். கிண்டி ஒரு பக்கம் உருள, நீ எழுந்து அவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாய்.

உன் தோளைக் கட்டிக்கொண்டு, "விட்டுராதடே, விட்டுராத" என்றார் அவர். நேராக நின்ற பிறகு படியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "நேத்து நீ சொன்ன காரியம் இதுதானா?" என்று கேட்டார். நீ, "ஆமா பெரியப்பா" என்றாய். "இத இப்படி வெளங்குற மாதிரி அங்கயே சொல்லியிருக்கலாம்லா?" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். தாலி கட்டி முடிந்ததும் பாயசத்துக்கு மட்டும் இன்னொரு இலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு, மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது உன்னிடம் கேட்டேன். "மக்கா, நேத்து நீ எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" எல்லார் உயிரையும் காப்பாற்றினேன் என்று நீ சொல்வாய், நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீயோ, "ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. பத்திரமா எறங்கியிருப்போம்னுதான் நெனைக்கேன்" என்றாய். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் பல நாள் யோசித்த பிறகு, அந்தப் பதிலைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். நீ செய்தது சரி என்று யாருக்கும் காட்ட உன்னிடம் ஒன்றும் இல்லை. மழையும் விட்டது, தரையும் காய்ந்தது, ஊரும் சிரித்தது. அப்படி இருந்தும் மறுபடி அதே இடத்தில் நிறுத்தினால் நீ அதையேதான் செய்வாய். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது, அதை வாய் திறந்து சொல்லாமல் இத்தனை மாதம் தள்ளிவிட்டேன். இதோ சொல்லிவிட்டேன்.

இனி உன்னை அவசரப்படுத்துகிறவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். மேனேஜர் பரவாயில்லை, அவரிடம் நீ முடியாது என்று சொல்லிவிடுவாய். கல்யாண நாளுக்கு வீட்டில் காத்திருப்பாள் ஒருத்தி, பிறந்தநாளுக்குக் கேக்கை வெட்டாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. உன்மேல் பிரியம் உள்ளவர்கள் சொல்கிற வானிலையை மட்டும் நம்பாதே. அவர்கள் உன்னை ஏமாற்ற மாட்டார்கள், அவர்கள் கண்ணுக்கு வானம் உண்மையாகவே தெளிவாகத் தெரியும். அப்புறம் இன்னொன்று. அன்று ஒளிந்துகொள்ளாமல் பயணிகள் நடுவில் வந்து நின்று சொன்னாயே, அதை வீட்டிலும் செய். உன் அப்பாவைப் போல நீயும் மனதில் ஏதாவது இருந்தால் மூன்று நாள் பேசாமல் இருக்கிறவன். உனக்குள்ளே ஒரு விளக்கு எரிந்தால் அவளிடம் போய்ச் சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள்.

உன் கல்யாணத்துக்கும் முந்தின நாள் வரை லீவு கிடைக்காது என்று சொல்லியிருக்கிறாய். கிடைக்காவிட்டால் போகிறது. நீ தாமதமானால் நாங்கள் இலையை முதலில் போட்டுவிடுவோம். பெண்ணிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவளுக்கும் பிரதமன் பிடிக்குமாம்.

இந்த இடம் வரை எழுதியபோது நீ போன் செய்தாய். நாளைக்கு ஒருநாள் ஓய்வு, வீட்டுக்கு வரலாமா என்று பார்க்கிறேன் என்றாய். பேச்சுவாக்கில், "அங்க மழை உண்டா அம்மா?" என்று கேட்டாய். உன்னைப் பார்த்துப் பல வாரம் ஆகிறது. கறிக்கு மீன் சொல்லி வைக்கலாமா என்று அதற்குள் மனம் ஓடிவிட்டது. எழுந்து போய் வாசலில் நின்று பார்த்தேன். "உண்டு மக்கா. நல்லா பெய்யுது. பைய வா" என்றேன். உடனே நீ, "அம்மா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாய்.

ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். இன்று காலையில்கூடச் சசி கேட்டபோது, ஒரு சொட்டு இல்லை என்றுதான் சொன்னேன். ரப்பர் மரம் வேறு, நீ வேறு.

உன் அம்மா